கப்பல் ஏறிப் போனவருக்கு ஓர் இலை

போன வருஷம் மகாளய அமாவாசை அன்று கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. படையல் வேலை தலைக்கு மேல் கிடக்க, வாசலில் ஒரு கார் வந்து நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு வடைச் சட்டியையே கவிழ்த்திருப்பேன்!

இறங்கிய அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். பேன்ட், சட்டை, நெற்றியில் குங்குமம். தென் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறாராம். தமிழ் வராது, டிரைவர்தான் எடுத்துச் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறிப் போன தன் கொள்ளுத்தாத்தாவின் சொந்தங்களைத் தேடி மூன்று நாளாக அலைகிறாராம். கையில் கப்பல் பதிவேட்டின் நகல். பேர், அப்பா பேர், ஊர் எல்லாம் அதில் இருந்தது.

படித்ததும் தூக்கிவாரிப் போட்டது. அப்படிக் கப்பல் ஏறிப் போனவர் என் வீட்டுக்காரருடைய கொள்ளுத்தாத்தாவின் கூடப் பிறந்த அண்ணன்!

வீட்டுக்காரர் என்னைச் சமையல்கட்டுக்குள் இழுத்தார். "வாய்க்கா ஓரத்து ரெண்டு ஏக்கரா பூர்வீகச் சொத்துடி. பாகம் கேக்கத்தான் வந்துருக்குது. இல்லன்னு சொல்லி அனுப்பு."

எனக்கும் பகீரென்றது. எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கே போதாத நிலம். வெளியே வந்து, "அப்பிடி யாரும் எங்க வகையறாவுல இல்லிங்க" என்று கூசாமல் சொன்னேன்.

அந்தம்மா முகம் செத்துப்போனது. ஊர்க்காரர்கள் கைகாட்டிய வீடுகளில் எங்களுடையதுதான் கடைசியாம். மாலையே சென்னைக்குக் கிளம்ப வேண்டுமாம். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டார். அதையும் கொடுக்காமல் விரட்ட நான் என்ன ராட்சசியா? உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

அங்கே படையலுக்கு மூன்று இலை போட்டிருந்தது. யார் யாருக்கு என்று கேட்டார். அடுப்பில் வடை தீய்ந்துவிடுமே என்ற அவசரத்தில், "இது மாமனாருக்கு, இது மாமியாருக்கு, இது கப்பலேறிப் போயி திரும்பி வராத பெரியவருக்கு" என்று கடகடவென்று ஒப்பித்துவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. பாழாய்ப்போன வாய்!

டிரைவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அவரிடம் அதைச் சொன்னார். அந்தம்மா அழுதுகொண்டே ஏதோ பேசினார். டிரைவர் அதை எனக்குத் திருப்பிச் சொன்னார்.

"அவங்க வூட்லயும் வருஷா வருஷம் ஒரு எலை தனியா போடுவாங்களாம்மா. ஊர்ல வுட்டுட்டு வந்த தம்பிக்காம். தம்பி சாப்பிட்டானோ இன்னாவோன்னு பெரியவரு சாவற வரைக்கும் கேட்டுக்கினே இருந்தாராம்."

எனக்கு வெட்கத்தில் உடம்பே குன்றிப்போனது. அதற்குள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் வெளியே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "அந்தத் தம்பி வூடு இதாங்க்கா. நெலத்துக்குப் பயந்துக்கினு பொய் சொல்லிட்டோம்." அதைக் கேட்டதும் அழுகையோடு அந்தம்மா சிரித்தாரே ஒரு சிரிப்பு! அங்கே அவர்கள் நிலத்தையே பார்க்க ஆளில்லையாம்.

காக்கைக்கு வைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். முறைப்படி அவர் எனக்கு நாத்தனார். பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்புவோமா? தீபாவளிக்கு எனக்கென்று எடுத்திருந்த புடவையை வைத்துக் கொடுத்தேன். இப்போது ஞாயிறு தவறாமல் வீடியோ காலில் வந்து, கற்றுக்கொண்ட நாலு தமிழ் வார்த்தையில் என்னை அதட்டுகிறார். நாத்தனார் என்றால் சும்மாவா! வருகிற தை மாதம் பேரப்பிள்ளைகளோடு வருகிறார்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்த இலைக்கு முன்னால் விழுந்து, "வந்து சாப்பிடுங்க சாமி" என்று வருஷா வருஷம் கூப்பிட்டவள் நான். அவர் ரத்தம் வாசலில் வந்து நின்றபோது யாருமில்லை என்றேனே என்று நினைக்கும்போதெல்லாம் மனசு கூசுகிறது; கூடவே, என் வாய் என்னை மீறி உண்மையைச் சொன்ன அந்த ஒரு நிமிஷத்துக்குக் கைகூப்பத் தோன்றுகிறது.