ஒரு டப்பா பிளீச்சிங் பவுடர்

அறுபதுகளில், திருப்பூரில் பனியன் துணி வெளுக்கும் சலவைப்பட்டறை ஒன்றில் நான் ஸ்டோர் பார்த்துவந்தேன். ஓர் ஐப்பசியில் நொய்யல் பெருகி, தொழிலாளர் தெருக் கிணற்றுக்குள் வெள்ளநீர் இறங்கிவிட்டது. வெள்ளம் வடிந்த செவ்வாய்க்கிழமை, துணி அலசும் பழனாத்தாள் என்னிடம் வந்தார்.

“ஏனுங்க, கெணத்துல போட ஒரு டப்பா பிளீச்சிங் பவுடர் குடுங்க. முனிசிபாலிட்டில தீந்துபோச்சாமாங்க.”

உள்ளே இரண்டு மூட்டை இருந்தது.

“சரக்கு வெளுக்கவே பத்தாதுங்க. வெள்ளிக்கெழம புது மூட்டை வரும், வாங்கிக்கங்க.”

“அதுவரைக்கும் பனியனைப் புழிஞ்சு குடிக்கறதுங்களா?”

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வெள்ளியன்று டப்பாவை நானே எடுத்துப்போனேன். முந்தின நாளே பழனாத்தாள் வாந்திபேதியில் இறந்திருந்தார். வாசலில் உட்கார்ந்திருந்த அவர் கணவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“கெணத்துகிட்ட வெச்சுட்டுப் போங்க” என்றார்.

வைத்துவிட்டு வந்தேன். மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டேன்.

தேதி தவறாமல் டைரி எழுதுகிறவன் நான். அந்த வெள்ளிக்கிழமைப் பக்கத்தில், ‘தெருக் கிணற்றுக்கு ஒரு டப்பா பவுடர் கொடுத்தேன்’ என்றிருக்கிறது. படிப்பவர்கள் என்னை நல்லவன் என்றே நினைப்பார்கள். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் வெள்ளம் வடிந்த செய்தி மட்டும் இருக்கிறது.