இரண்டு வாசல் படகுத்துறை

மலாயாவில், மூவார் ஆற்றோரப் படகுத்துறைக் கட்டிடத்துக்குப் பிளான் வரைந்தவன் நான். அப்போது மராமத்து இலாகாவில் எனக்குத் தற்காலிக வேலை. அது நிரந்தரமானால்தான் குடியிருக்க வீடு தருவார்கள். வீடு கிடைத்தால்தான் ஊரிலிருந்து மனைவியை அழைக்க முடியும். கல்யாணமான கையோடு பிரிந்து வந்தவன். அவள் முகம் மறந்துவிடுமோ என்று பயமாகவே இருந்தது.

எஞ்சினியர் துரைக்கு எல்லாம் ஒரே கூரையின்கீழ் வேண்டுமாம்: அக்கரைக்குப் போகிறவர்கள் காத்திருக்க இடம், சாயங்காலம் காற்று வாங்க வருகிறவர்கள் உட்கார இடம். கடல் பெருக்கில் ஆறு ஏறும் என்பதால் தரையை உயர்த்திப் பலகை போட்டேன். சாலைப் பக்கம் ஒரு படி, ஆற்றுப் பக்கம் ஒரு படி. இப்படி ஏறி அப்படி இறங்கிப் படகுக்குப் போய்விடலாம். எனக்குள் ஒரே பெருமை.

திறந்த அன்றே மானம் கப்பலேறியது. படியேறிப் போகும் பலகை வீடென்றால் இங்கே மலாய்க்காரரும் சரி, தமிழரும் சரி, செருப்பைக் கீழே விட்டுத்தான் ஏறுவார்கள். எல்லாரும் சாலைப் பக்கம் விட்டுவிட்டு ஆற்றைப் பார்க்க உட்கார்ந்தார்கள். படகு மணி அடித்ததும் செருப்பெடுக்கத் திரும்பி ஓடினார்கள். வந்திறங்கிய கூட்டமும் அதே படியில் நெருக்கியது.

"படகும் போச்சு, செருப்பையும் காணோம். யாருய்யா இதக் கட்டுனது?" என்று ஒரு தோட்டத்துக் கங்காணி கத்தினார். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டேன்.

துரை பார்த்த பார்வையில் வேலை போய்விட்டதென்றே நினைத்தேன். செருப்போடு ஏறும்படி அறிவிப்பு மாட்டச் சொன்னார். அதை வாசித்தவர்களும் கழற்றிவிட்டே ஏறினார்கள். இனிச் சும்மா இருந்தால் கதை முடிந்தது என்று வேறு பிளானோடு போய் நின்றேன். நடுவில் பலகையைப் பெயர்த்துவிட்டுத் தரைமட்டத்தில் சிமெண்டு நடை. படகுக்குப் போகிறவர்கள் செருப்போடு நேரே போகட்டும். இருபுறமும் பலகைத் தளம் அப்படியே. காற்று வாங்குகிறவர்கள் ஏறிய படியிலேயே இறங்கட்டும். பெருக்கில் நடை நனையாதா என்று கேட்டார். கணுக்கால் நனையும், அதற்கெல்லாம் இங்கே யாரும் கோபிக்க மாட்டார்கள் என்றேன். சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நடை வந்தபின் நெரிசல் தீர்ந்தது. வேலையும் நிரந்தரமானது. ஊர்க்காரர் குடும்பத்தோடு மலாக்கா வழியாக வந்த மனைவி, அக்கரையிலிருந்து படகில் வந்து இறங்கினாள். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. அவள் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"கொஞ்சம் உக்காரலாமா? இன்னும் கப்பல்ல இருக்கற மாதிரி தரை ஆடுது" என்றாள்.

பலகைத் தளத்தில் ஏறி உட்கார்ந்தோம். இருட்டும்வரை ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தோம். வீட்டுச் சாவி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை எடுக்க இருவருக்குமே அவசரமில்லை.