வியாழனில் கொடி நட முடியாது

பள்ளிக்கூடத்து அறிவியல் கண்காட்சியில், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு வியாழன் கிரகம் வந்தது. பந்தின் மேல் காகிதம் ஒட்டி, பழுப்பும் வெள்ளையுமாகப் பட்டை தீட்டிக் கொடுத்தனுப்பினேன். அவளுடைய சார் அதைப் பார்த்துவிட்டு, உச்சியில் ஒரு விண்வெளி வீரர் பொம்மையை நிறுத்தி, அதன் கையில் நம் கொடியையும் வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

"அங்க நிக்க முடியாது சார், தரையே கெடையாது. எங்கம்மா சொன்னாங்க" என்றாளாம் இவள்.

"தரை இல்லாம ஒரு கிரகமா? அப்ப உங்கம்மாவையே வந்து பாடம் எடுக்கச் சொல்லு. கொடி இல்லன்னா உனக்கு மேஜையும் இல்ல."

வீட்டுக்கு வந்து பையை வீசினாள். "நீ சொன்னது நெஜந்தானேம்மா?"

நிஜந்தானா? காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போய் இயற்பியல் படித்தவள்தான் நான். படித்ததெல்லாம் இன்னும் எனக்குள் சரியாக இருக்கிறதா என்று எனக்கே சந்தேகம். உலை கொதிப்பதற்குள் போனில் தேடிப் படித்தேன். வியாழன் பெரும்பாலும் வாயு. உள்ளே போகப் போக அழுத்தமும் சூடும் ஏறும். வாயுவே மெல்ல மெல்லத் திரவமாகும். இதுதான் தரை என்று கால் வைக்க எங்கும் ஓர் இடம் கிடையாது. முன்பு உள்ளே இறக்கிய கருவி ஒன்று கொஞ்ச நேரம் செய்தி அனுப்பிவிட்டு அடங்கிப் போயிருக்கிறது. நான் சொன்னது சரிதான்.

சரியாக இருந்து என்ன செய்ய? அவள் அந்த சாரிடம்தானே வருஷம் முழுக்கப் படிக்க வேண்டும்? ஒரு பொம்மைதானே என்று பசையைக் கையில் எடுத்துவிட்டேன். அவள் பொம்மையைத் தராமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"நம்ம கழனியில சேடை ஓட்டுனா சேத்துல முட்டி வரைக்கும் கால் உள்ள போவுதே, அப்புறம் நிக்குதே. அந்த மாதிரி கூடவா இருக்காது?"

"சேத்துக்கு அடியில கெட்டித் தரை இருக்கு. அங்க அதுவும் இல்ல."

பசையை மூடி வைத்தேன்.

மறுநாள் காலை உயரமான கண்ணாடி பாட்டில் ஒன்றில் கெட்டியான கேழ்வரகுக் கூழை ஊற்றி, மேலே போகப் போக மோர் விட்டு நீர்க்க வைத்தேன். வீரருக்குப் பதில் ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி. அன்று வியாழக்கிழமை; அது சாயங்காலம் திருப்புலிவனம் கோயிலில் தட்சிணாமூர்த்திக்கு மாலை கோக்க மாமியார் ஊறப்போட்டது. அவருக்குத் தட்சிணாமூர்த்தி, குரு பகவான், வானத்து வியாழன் எல்லாம் ஒருவர்தான்.

"சாமிக் கடலைய எடுத்து கூழ்ல போட்டுக்கினு கீறியே, இன்னாடி இது?"

சார் சொன்னதைச் சொன்னேன்.

"குரு மேல ஆள நிக்க வெக்கறதா? காலோடயா? இரு, நானும் வரேன்."

பள்ளிக்கூடத்து வாசலிலேயே சாரைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், சாமி தலை மேல கால வெக்கச் சொன்னீங்களாமே?"

சார் சுற்றும் முற்றும் பார்த்தார். "ஐயோ, நான் அப்படிச் சொல்லலம்மா. கொடியும் வேணாம், பொம்மையும் வேணாம். பாப்பா, நீ போய் மேஜைல வையி."

ஜெயித்தாகிவிட்டது. பேசாமல் இருந்திருக்கலாம். ஊரார் முன்னால் மாமியாரை மறுத்து நான் பேசியதே இல்லை. ஆனால் மகள் பாட்டிலை அணைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"இல்ல சார்" என்றேன். "சாமிங்கறதால இல்ல. அங்க தரை இல்லாததால."

"வாய மூடுடி. அதான் அவரே ஒத்துக்கினாரே!"

"நாளைக்கு சனி கிரகத்தைக் குடுத்தாலும் இவ இதையேதான் சொல்லணும் அத்தை. அதுக்கும் தரை இல்ல."

"அடிப்பாவி, சனீஸ்வரன வேற இழுக்கிறியே!"

சாரின் முகம் இறுகிவிட்டது. மேஜை போயிற்று என்றே நினைத்தேன். போனால் போகட்டும், சொன்னதைத் திரும்ப வாங்குவதில்லை என்று நின்றேன். "சரி, காட்டு பாக்கலாம்" என்றார் சார், மகளிடம்.

மகள் கடலையைப் போட்டாள். மேலே சட்டென்று இறங்கியது, பிறகு தயங்கித் தயங்கிக் கூழுக்குள் மறைந்தது. "நெஜத்துல இதுக்குள்ளயே நசுங்கிப் போயிடும் சார்."

"பாட்டிலுக்கு அடி இருக்கே?"

"அது பாட்டிலோட அடி சார். வியாழனுக்கு ஏது பாட்டில்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சார் சிரிக்கவில்லை. மூலையில் இருந்த மேஜையைக் காட்டினார். "அங்க வையி. யார் கேட்டாலும் நீயேதான் பதில் சொல்லணும்."

சொன்னாள். அப்படியானால் அங்கே போகவே முடியாதா என்று கேட்டவர்களுக்கு, "சுத்தி வந்து பாக்கலாம். அதோட நிலாவுல வேணும்னா எறங்கலாம், அங்க தரை இருக்கு" என்றாள். மாமியார் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேஜை ஓரமாக நின்றார். கூட்டம் நெருக்கியபோது, "கூழ்ல கைய வுடாதீங்கடா!" என்று அதட்டினார்.

அன்று சாயங்காலம் கடலை மாலை கோத்தபோது, சாமி கழுத்துக்குப் போதாமல் குறைந்தது.

"சாமி கேட்டா நீயே பதில் சொல்லு" என்றார் மாமியார்.

"சொல்றேன் அத்தை" என்றேன்.