பெட்ரோல் மூடியும் என் கைராசியும்

எங்கள் மாமாவுக்குக் கடற்காற்றோடு தீராத பகை. சதுரங்கப்பட்டினத்தில் ஜன்னல் கம்பியையே தின்றுவிடும் காற்று தன் மோட்டார் சைக்கிளை விட்டுவைக்குமா என்று, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்ததும் வண்டி முழுக்க கிரீஸ் தடவுவார். சக்கரக் கம்பி, விளக்கு வளையம், பெட்ரோல் டாங்கின் மூடி, எதுவும் தப்பாது. ஏறி இறங்கினால் பாதி நம் துணிக்கு வந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு பங்கு தடவினார். மறுநாள் சின்னம்மாவைச் செங்கல்பட்டுக்குக் கூட்டிப் போக வேண்டும். டீச்சர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், பத்து மணிக்குள் நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். அம்மாவைப் பெற்ற நன்னா முடிவாகச் சொல்லிவிட்டார், இது கிடைக்காவிட்டால் உடனே நிக்காஹ் என்று.

துணைக்கு என்னை அனுப்பியது அம்மாதான். "இவன் டீக்கடையப் பாத்தா தங்கச்சிய மறந்துடுவான். நீ கூடவே இரு புள்ள." என் இடம் டாங்கின் மேல். வண்டி நின்றுவிடுமோ, பாலம் இடிந்துவிடுமோ என்று கிளம்பும்போதே பயந்துகொண்டிருந்தேன்.

கால்வாய்ப் பாலம் இடியவில்லை. அதைத் தாண்டியதும் வண்டிதான் நின்றது.

மாமா உதைத்தார், உதைத்தார், வண்டி இருமக்கூட இல்லை. டாங்கை ஆட்டினார், பெட்ரோல் சளசளத்தது. ப்ளக்கைக் கழற்றி லுங்கியில் துடைத்து, எஞ்சின்மேல் வைத்து உதைத்துப் பார்த்தார். நீலமாகப் பொறி பறந்தது.

"நெருப்பு கீது, பெட்ரோலு கீது, அப்பால இன்னா பேஜாரு இதுக்கு?"

"நான் நடந்தே போறேண்ணே," என்றாள் சின்னம்மா, துப்பட்டியை இழுத்துப் பிடித்துக்கொண்டு. பேச்சில் அழுகை எட்டிப் பார்த்தது.

"செங்கல்பட்டு இன்னா பக்கத்து வூடா? சும்மா இரு."

எனக்கு வேறு கவலை. உள்ளே சளசளப்பது பெட்ரோல்தானா, யாராவது தண்ணீர் ஊற்றிவிட்டார்களா? மூடியைத் திருகித் திறந்தேன். 'உஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது டாங்கு. வெகுநேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் இழுப்பார்களே, அப்படி.

"மாமா, வண்டி மூச்சு இஸ்துச்சு!"

"ஆமா, இவ பெரிய டாக்டரு. மூடு அத்த."

மூடினேன். பிஸ்மி சொல்லி உதைத்தார். பிடித்துக்கொண்டது.

திருக்கழுக்குன்றம் மலை தெரிந்த இடத்தில் மறுபடி நின்றது. மறுபடி திறந்தேன், 'உஸ்'. உதைத்ததும் கிளம்பியது. அடுத்த முறை மாமா ப்ளக்கைத் தொடவேயில்லை. "தொறந்து மூடு குட்டி. உன் கைராசிதான்." யாராவது எட்டிப் பார்த்து விசாரித்தால் வண்டிக்குத் தெம்பு வருகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கும் அப்படித்தானே. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று போக அந்த மூடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு, அதை மாமாவின் கிரீஸ் அடைத்திருந்தது என்பதை வெகுநாள் கழித்து ஒரு மெக்கானிக் சிரித்துக்கொண்டே ஊக்கால் குத்திக் காட்டினார். அதுவரை தூரப் பயணம் எதுவும் மாமா என் கைராசி இல்லாமல் போனதில்லை.

பத்து மணிக்குச் சற்று முன்பே போய்ச் சேர்ந்தோம். சின்னம்மாவோடு நானும் வராந்தாவில் உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய்த் திரும்பி வரும்போது முகத்தைப் பார்த்தே மாமா, "கெடச்சிச்சா?" என்றார். "கெடச்சிச்சுண்ணே," என்றாள்.

சாயங்காலம் அம்மா மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்: "உள்ள எப்பிடி இருந்துச்சி?"

நான் 'உஸ்' கதையைச் சொன்னேன்.

"அது இருக்கட்டும். பெஞ்சு போட்டுகீறாங்களா? பொண்ணுங்க நெறைய பேரா?"

மறுபடி வண்டிக் கதைக்கே போனேன். நான் சொல்லி முடிக்கும் வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஜன்னல்லாம் பெருசா?" என்றாள். அரிவாள்மணையில் மீன் அப்படியே இருந்தது. தங்கைக்கு இடம் கிடைத்தாகிவிட்டதே, இன்னும் எதற்குக் கவலைப்படுகிறாள், என்னை மாதிரியே பயந்த சுபாவம் போல என்று நினைத்து, "பெருசுதாம்மா, பயப்படாத" என்றேன்.

எட்டாவதோடு என் பையை வாங்கிப் பரணில் வைத்துவிட்டார்கள். இப்போது எதிர்வீட்டுப் பெண் காலேஜிலிருந்து வரும்போது வாசலில் நிறுத்தி, ஏதாவது கேட்காமல் நான் விடுவதில்லை. பாடத்தைப் பற்றிக் கேட்க எனக்குத் தெரியாது. ஜன்னலைப் பற்றித்தான் கேட்கிறேன்.