அம்மா வாயில் ஒட்டிக்கொண்ட தோத்திரம்

எங்கள் அம்மாவுக்கு எதற்கெடுத்தாலும் தோத்திரம். பால் பொங்கி அடுப்பை அணைத்தால் தோத்திரம். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிற்காமல் போனால் தோத்திரம். கோழி சோற்றுப் பானைமேல் ஏறினால், கையில் கட்டையோடு துரத்திக்கொண்டே தோத்திரம். கிறிஸ்தவ சபையில் சேர்ந்த புதிதில், நன்றி சொல்வதற்காகத்தான் அந்தச் சொல்லைக் கற்றுக்கொண்டாள். நாளாக ஆக, மற்றவர்கள் ‘ஐயையோ’ என்று சொல்லுகிற இடங்களிலெல்லாம் அதுவே வந்து உட்கார்ந்துகொண்டது.

“தோத்திரம் இல்லம்மா, ஸ்தோத்திரம். முன்னாடி ஒரு ‘ஸ்’ இருக்குது” என்று நான் திருத்துவேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். 1991-இல் பிளஸ் டூ தேறிவிட்டு ஸ்ரீபெரும்புதூரில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கை பரபரக்கும்.

“பாம்பாட்டம் சீறிகினு யாரு சொல்றது? நீ படிச்சவ, நீ சீறு” என்பாள் அம்மா.

ஊரில் எங்களுக்கு ஒரே ஒரு சத்துரு இருந்தார். அவர் அப்பாவோடு கூடப்பிறந்த அண்ணன், என் பெரியப்பா. அப்பாவும் அம்மாவும் சபையில் சேர்ந்ததும், “குலசாமிய வுட்டவன் எனக்குத் தம்பியே இல்ல” என்று சொல்லிவிட்டு, தன் நிலத்து வரப்பில் வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப்போட்டு வழியை அடைத்துவிட்டார். ஜெபக்கூடத்துக்கும் சரி, அவர் வீட்டுக்கும் சரி, அந்த வரப்புதான் எங்களுக்கு வழி. அதற்குப் பிறகு ஏரிக்கரையைச் சுற்றித்தான் போனோம். மழைக்காலத்தில் கரை வழுக்கும். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஆண்டவரைப் பார்க்கப் போவோம்.

கரைக்குக் கீழே பெரியப்பாவின் பம்புசெட்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதன்மேல் உட்கார்ந்திருப்பார்.

“இன்னா தோத்திரம், ஏரில தண்ணி எம்மாம் கீது?”

அம்மாவுக்கு அவர் வைத்த பெயர் அது. எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அண்ணனிடம் நேருக்கு நேர் பேசமாட்டார்கள். அதற்காக அம்மா வாயை மூடிக்கொண்டு போகிறவளும் அல்ல. பம்புசெட்டு ஓரமாகக் கட்டியிருக்கும் கன்றுக்குட்டியைப் பார்த்துப் பேசுவாள்.

“ஏ கன்னுகுட்டி, தண்ணி நல்லாத்தான் கீது. ஒரு முழுக்குப் போட்டா திமிரு கொறையும்னு சொல்லு.”

பெரியப்பா சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரியும். அந்த முள்வேலி பற்றி எரிய வேண்டும் என்று ஒருநாள் ஜெபம் செய்தபோது அம்மா என் தலையில் குட்டினாள். எங்கள் வீட்டு ஜெபத்தில் பெரியப்பாவுக்கு நிரந்தர இடம் உண்டு. எங்கள் பசுவுக்குப் பிறகு, மழைக்கு முன்னால். “சத்துருவுக்காக ஜெபிக்கணும்னு உபதேசியாரு சொன்னாரு. நமக்குக் கீறது ஒரே சத்துரு. மறந்துபூட்டா நல்லாவா கீது?” என்பாள்.

புரட்டாசியில் அவர் நோயில் படுத்தார். அப்பா முள்வேலி வரைக்கும் போய், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வருவார். கூப்பிடாத வீட்டுக்குள் போக அவருக்கு ரோசம் இடம் தரவில்லை. கார்த்திகையில் ஒரு காலை, மழை விட்டிருந்த நேரம், பெரியம்மாவின் தம்பி சைக்கிளில் வந்து காலை ஊன்றினார்.

“அக்கா, மாமா பூட்டாரு.”

அம்மா கஞ்சி வடித்துக்கொண்டிருந்தாள்.

“தோத்திரம்!”

சொன்ன பிறகுதான் அது அவள் காதிலேயே விழுந்தது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். வந்தவர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சைக்கிளைத் திருப்பி மிதித்தார்.

அப்பா சட்டையை மாட்டி முடிப்பதற்குள் தெருவே பேசியது. அண்ணன் செத்ததற்குத் தம்பி பெண்டாட்டி தோத்திரம் சொன்னாளாம். தோத்திரம் சொன்ன வீட்டுக்காரன் பாடைக்குத் தோள் கொடுக்கக்கூடாதாம்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். “சின்ன வயசுல என்னத் தோள்ல குந்த வெச்சிகினு ஏரிக்குப் போன அண்ணன். ஒரே ஒரு தபா நான் தூக்க வேணாமா?”

அம்மா முகத்தைக் கழுவிக்கொண்டு கிளம்பினாள். “தொரத்தினா தொரத்தட்டும். வாய்க் கொழுப்பு என்னுது. நானே போய்ச் சொல்றேன்.”

நான் பேசுகிறேன் என்றேன். அந்தக் கூட்டத்தில் பிளஸ் டூ படித்தவள் நான் ஒருத்திதானே! ஏரிக்கரை முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ‘ஐயா, என் தாயார் கூறியது நன்றியறிதல் அன்று, அது ஒரு வியப்பிடைச்சொல்.’ எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

பந்தலில் தப்பட்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அடி நின்றது. பெரியம்மாவின் தம்பி வாசலை மறித்து நின்றார். நான் கஞ்சி போட்ட தாவணியைச் சரிசெய்துகொண்டு, “ஐயா” என்று ஓர் அடி முன்னால் வைத்தேன். கால் சேற்றில் போனது. அத்தனை பேர் முன்னாலும் மல்லாந்து விழுந்தேன்.

“ஆண்டவரே, தோத்திரம்!” என்று அம்மா அலறினாள்.

“பாத்தியாக்கா, மறுக்கா சொல்லுது!” என்றார் பெரியம்மாவின் தம்பி.

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியம்மா நிமிர்ந்து பார்த்தாள். சேற்றோடு கிடந்த என்னைப் பார்த்தாள். அம்மாவின் வாயையும், அதை மூடிக்கொண்ட கையையும் பார்த்தாள்.

“டேய், பெத்த பொண்ணு வுழுந்துச்சின்னா எவளாச்சும் சந்தோசப்படுவாளாடா? அவளுக்கு வாய் அப்பிடி. தோ, இந்த மனுசன் மட்டும் இன்னா? அவள நக்கல் பண்ணிப் பண்ணி இவரு வாயிலயும் ஒட்டிகிச்சு. ரெண்டு மாசமா படுக்கைல பொரளும்போதெல்லாம் தோத்திரம்தான். நானே கேட்டேன், ‘யோவ், கட்சி மாறிட்டியா’ன்னு. ‘சீ, போடி’ன்னாரு. சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தாரு. அப்பயும் தோத்திரம்!”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அம்மா ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு, வாழ்க்கைப்பட்டு வந்த நாள்முதல் செய்யாததைச் செய்தாள். பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து நேராகப் பேசினாள்.

“மாமா, ஏரி ரொம்பி வழியுது மாமா. கேளேன்! எம்மாம் தண்ணின்னு ஒரு தபா கேளேன்!”

பெரியம்மாவின் தம்பி வாசலை விட்டு விலகினார். என் வியப்பிடைச்சொல் சேற்றோடு சேறாகப் போயிற்று.

சாயங்காலம் அப்பா முன்பக்கத் தோள் கொடுத்தார். சடங்குகளில் அவர் சேரவில்லை, யாரும் சேரச் சொல்லவும் இல்லை. சுடுகாட்டுக்குப் போகும் ஏரிக்கரை வழுக்குகிறது, பாடையோடு ஏற முடியாது என்று எல்லாரும் நின்றபோது, பெரியம்மாவின் தம்பியே கத்தியை எடுத்துப்போய் வரப்பில் கிடந்த முள்ளை வெட்டித் தள்ளினார். பெரியப்பா அடைத்த வழியாகவே பெரியப்பா போனார், தம்பி தோள்மேல் சாய்ந்தபடி.

விஷயம் கேள்விப்பட்ட உபதேசியாருக்கு ஒரே சந்தோஷம். “கடைசி நேரத்துல அவரு நாவு அறிக்கை பண்ணிடுச்சு, பாத்தீங்களா! ஞாயித்துக்கிழம நீங்க சாட்சியா சொல்லணும்” என்றார்.

அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “வேணாங்கய்யா. அவரு நக்கலுக்குச் சொன்னாரு. செத்தவரு வாயிலருந்து நாம புடுங்கக்கூடாது. யாரு எதுக்குச் சொன்னாங்கன்னு கேட்டுகினு இருந்தவருக்குத் தெரியும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை வரப்பு வழி திறந்தே கிடந்தது. நான் செருப்புப் போட்டுக்கொண்டு ஜம்மென்று நடந்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணோம். ஏரிக்கரைப் பக்கமாக, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பம்புசெட்டுக்கு நேரே நின்றிருந்தாள். மேலே யாரும் இல்லை. கன்றுக்குட்டி மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

“ஏ கன்னுகுட்டி, தண்ணி இன்னும் ரொம்பித்தான் கீதுன்னு சொல்லு” என்றாள் அம்மா.