லைட்டு மட்டும் எரிஞ்சா போதும்

இன்று என் மொபைல் கடைக்கு ஒருவர் தன் அப்பாவின் காது மிஷினைக் கொண்டுவந்தார். சால்டரிங் அயர்னில் ஊசிமுனை பிட்டை மாட்டி, உள்ளே அறுந்திருந்த மெல்லிய வயரைப் பற்றவைத்தேன்.

"நல்லா கேக்குது சார்" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. "கேக்க வாணாம்பா. லைட்டு மட்டும் எரியிற மாதிரி பண்ணிக் குடு. வூட்ல நெலத்தப் பாகம் பிரிக்கப் பேசிக்கினு கீறோம்."

"பெரியவரு கேட்டா?"

"மிஷினு நல்லாத்தான் கீது, உன் காதுதான் பூட்ச்சுன்னு சொல்லிக்கிறேன்."

தலையாட்டினேன். வயரைத் தொடாமல் பிட்டைச் சும்மா ஒருமுறை உள்ளே காட்டிவிட்டு, மூடிக் கொடுத்தேன். அதில் காதுக் குரும்பி ஒட்டியிருந்ததால் அவர் தன் காதில் வைத்துப் பார்க்கவில்லை.

இந்நேரம் உத்திரமேரூரில் ஒரு வீட்டில், பெரியவர் எப்போது சாவார் என்று அவர் எதிரிலேயே பேசிக்கொண்டிருப்பார்கள். அவருக்கு ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும்.

நான் செய்தது உதவிதானா, சொல்லுங்கள்.