தொகைக்குள் இருந்த இருவர்

பேக்கிங் பகுதி அக்கா என் மேசைமேல் வைத்த கடிதத்தில் ஒரு மடிப்புகூட இல்லை. வேலை ஒப்பந்தம் இனிப் புதுப்பிக்கப்படாது என்று சொல்லும் கடிதத்தை இரண்டு மாடி ஏறி, கசங்காமல் கொண்டுவந்திருந்தார். அடிக்கடி வேலைக்கு வராததே காரணம் என்றிருந்தது. ஆதாரமாக, நான் தயாரித்த வரைபடம். அதில் மிக உயரமான பட்டையின் கீழே ‘முனியாண்டி’ என்ற பெயர்.

“எங்கப்பா செத்து பதினஞ்சு வருஷமாச்சு தம்பி. அவரு எப்படிலா வேலைக்கு வராம பொந்தெங் போடுவாரு?” என்றார்.

சிரிப்பு வந்தது, அடுத்த நொடியே அந்தப் படத்தைத் திரையில் திறந்தேன். பினாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் அறிக்கைகள் தயாரிப்பதுதான் அப்போது என் வேலை. வருகைப் பதிவின் ஆயிரக்கணக்கான வரிகளை மென்பொருளில் போட்டால், அது கூட்டிச் சுருக்கி, மேலாளர் ஒரே பார்வையில் படிக்கும்படி படமாக்கித் தரும். நம்மவர் பெயர்கள் நீளம், படத்துக்குள் அடங்கவில்லை. பெயரின் கடைசிச் சொல்லை மட்டும் எடுத்துத் தொகுக்கும்படி அமைத்தவன் நான்தான். நம் பெயர்களில் கடைசியில் நிற்பவர் அப்பா என்பது எனக்குத் தெரியாதா என்ன? என் அடையாள அட்டையிலும் அப்படித்தான் இருக்கிறது. படம் அழகாக வந்ததே, அது போதுமென்று இருந்துவிட்டேன்.

அக்காவை உட்காரவைத்து, ‘முனியாண்டி’ பட்டைக்குரிய மொத்தத் தொகையின்மேல் இருமுறை தட்டினேன். உள்ளிருந்த வரிகள் விரிந்தன. அப்பாக்களின் பெயர் ஒன்றாக இருந்ததால் ஒரே ஆளாகிவிட்ட இரண்டு பெண்கள். முதலில் நின்றது அக்காவின் ஊழியர் எண் என்பதால் கடிதம் அவருக்குப் போயிருந்தது. அவர் வராதது இரண்டே நாள். மற்ற நாட்கள் எல்லாம் இன்னொருத்தியுடையவை. அவள் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அக்காவுக்கு எதிர்வீடு. கம்பெனி பஸ்ஸிலும் பக்கத்து இருக்கை.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தேதிகள் எல்லாம் செவ்வாய், வியாழன்.

“அவ மகனுக்கு ரத்தம் சுத்தம் பண்ற நாளு,” என்றார் மெதுவாக. “அவளக் காட்டாம என் பேர மட்டும் எடுக்க முடியாதா தம்பி?”

முடியாது என்றேன். அக்காவை எடுத்தால், எஞ்சிய நாட்கள் யாருடையவை என்று கேட்பார்கள். பிரித்தே அனுப்பினேன். மருத்துவமனை விவரத்தை அடியில் குறிப்பாக எழுதினேன். மேலாளர் படத்தைப் பார்த்தார், குறிப்பைப் படிக்கவில்லை. அக்காவுக்கு வேலை நிலைத்தது. அதே கடிதம், பெயர் மட்டும் மாறி, எதிர்வீட்டுக்குப் போனது.

இன்று அந்தப் பிரிவுக்கு நானே பொறுப்பு. எந்தத் தொகையையும் திறந்து பார்க்காமல் கையெழுத்திடமாட்டேன் என்று என்கீழ் வேலை செய்பவர்கள் கேலி பேசுகிறார்கள். பேசட்டும். வராத நாளுக்குப் பக்கத்திலேயே அதன் காரணமும் தெரியும்படி இப்போது படத்தை மாற்றியிருக்கிறேன். அதைச் சாதனையாகச் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வருவதில்லை, ஏனென்றால் மாற்றியது தாமதமாகத்தான்.

அன்று அந்தக் கடிதம் எதிர்வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்து, ஜெலுத்தோங் பசாரில் அக்காவைப் பார்த்தேன். நன்றி சொல்வார் என்று வெட்கமில்லாமல் எதிர்பார்த்தேன்.

“வேலைக்குப் போய்க்கிட்டுதான் இருக்கேன் தம்பி,” என்றார். “காலையில எதிர்வீட்டுல அவ கதவு சாத்தியிருக்கான்னு பாத்துட்டுத்தான் வெளிய வரேன்.”